கையில் பணம் இருந்தும் கடனாளியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களில் ‘ஜிபே மட்டும், ரொக்கம் இல்லை’ என்ற அட்டை அங்கங்கே தொங்க ஆரம்பித்திருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்குக் கூலி இன்றும் பெரும்பாலும் ரொக்கம்தான். பட்டன் போன் வைத்திருப்பவரை ஸ்கேன் பண்ணச் சொல்வது, கடைப்படி ஏறாதே என்பதற்குச் சமம்.

1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி ரூபாய் நோட்டு நாடெங்கும் செல்லும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலும், 50 காசு 10 ரூபாய் வரையிலும் செல்லும். ஆனால் ரொக்கம் வாங்க மறுக்கும் தனியார் கடைக்கு இன்ன தண்டனை என்று இந்தப் பிரிவுகள் சொல்லவில்லை. இது தெரியாமல், வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் காவல் நிலையம் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு.

ஆகவே எந்தக் கட்டத்தில் மறுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தால், அது தன் விற்பனை நிபந்தனை என்று கடைக்காரர் வாதாட இடமிருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகோ, லேபில் ரத்தம் கொடுத்த பிறகோ, பைக்கைப் பழுதுபார்த்த பிறகோ சொன்னால் நிலைமை வேறு. அப்போது நாம் தரவேண்டியது ஒரு பாக்கி, அதற்கு நோட்டு செல்லும். முழுத் தொகையை நீட்டியும் வாங்கவில்லையென்றால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி பணம் தராத பழி நம் மேல் விழாது. பாக்கி அதனால் தீர்ந்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். தொகையைச் சரியாக எண்ணிக் கொடுப்பது முக்கியம். 140 ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டை நீட்டினால், ‘சில்லறை இல்லை என்றுதான் சொன்னேன்’ என்று அவர் தப்பித்துக்கொள்வார்.

அடுத்தது ஆதாரம். பில்லின் பின்புறம் ‘ரொக்கம் ஏற்கவில்லை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், கூட இருப்பவர் போனிலாவது அட்டையைப் படமெடுத்துத் தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். பில்லே தரவில்லையா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிக நடைமுறை. ரொக்க மறுப்பைவிட இந்தப் புகார் உறுதியாக நிற்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது உரக்கடை. மிஷினில் கைரேகை வைக்கச் சொல்வதால், பணத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆதாரும் ரேகையும் மானிய உரம் யார் கைக்குப் போகிறது என்று பதியத்தான். விலையைத் தாராளமாக ரொக்கமாகக் கொடுக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. சில்லறை இல்லையென்று 270 வாங்கினால், அது கூடுதல் விலை. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பில்லோடு எழுதிக் கொடுங்கள்.

பத்து ரூபாய் நாணயத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. டீக்கடைக்காரர் அதைத் தள்ளிவிடுவதற்குக் காரணம், மொத்த வியாபாரியும் வங்கிக் கிளையும் தன்னிடமிருந்து வாங்குவதில்லை என்பதுதான். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாணயத்தை வாங்க மாட்டோம் என்று சொல்ல எந்தக் கிளைக்கும் உரிமையில்லை. நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனால், எண்ண நேரமில்லை என்ற சாக்கும் எடுபடாது. அப்படியும் மறுத்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கு வழிகாட்டும் எண் 14448.

மருந்துக்கடை, மருத்துவமனை, உரக்கடை மூன்றிலும் ரொக்கம் வாங்க ஒரு கவுன்டராவது இருக்க வேண்டும் என்று உரிமத்திலேயே அரசு நிபந்தனை போட வேண்டும். அதுவரை, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் டெல்டா மாவட்ட ஆட்சியர்கள் உரக்கடை ரொக்க மறுப்பைத் தனியாக விசாரிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நுகர்வோர் பணியில் உள்ள வாசகர்கள்,
மன்னார்குடி.