2005ல, சுனாமிக்குப் பிறகு, திருகோணமலை நிலாவெளிப் பக்கம் எங்கட கேம்புக்கு வந்த கேம்பஸ் பிள்ளைகளுக்கு

அன்பான தம்பிமார், தங்கச்சிமார்,

உங்கள இப்ப தம்பி தங்கச்சி எண்டு கூப்பிடுறது சரியோ தெரியல்ல, உங்களுக்கும் நாப்பது தாண்டியிருக்கும், தலையும் நரைச்சிருக்கும், ஆனா எனக்கு நீங்க இன்னும் அந்த நனைஞ்ச சேட்டும் சேறு பட்ட காற்சட்டையுமா நிண்ட கேம்பஸ் பொடியன்களும் பிள்ளைகளும்தான்.

இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஏன் எழுதுறன் எண்டா, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மாவிலாத்து அணைக்கட்டு உடைஞ்சு மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம் நிண்ட நேரம் என்ட மகன் கூட்டாளிமாரோட நிவாரணத்துக்குப் போக வெளிக்கிட்டான். நான் வாசல்ல நிண்டு ஒரே மூச்சில சொன்னன், பிளீச்சிங் பவுடர் எடு, ஜீவனி பக்கெட் (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற தூள்) எடு, நகவெட்டி எடு, பொம்பிளைப் பிள்ளைகளுக்கு பேட் எடு, கமராவ வீட்டில வச்சிட்டுப் போ எண்டு. அவன் சிரிச்சிட்டு இதெல்லாம் ஆரம்மா உங்களுக்குச் சொல்லித் தந்தது எண்டு கேட்டான். உங்களப் பத்திச் சொன்னன். பேர் என்ன எண்டு கேட்டான். ஒரு பேரும் வாயில வரல்ல. கண்ணாடித் தம்பி, ஊசித் தங்கச்சி, கிண்ணியாப் பொடியன்கள், கண்டிப் பிள்ளை, இப்பிடித்தான் நாங்க உங்களக் கூப்பிட்டது. வெக்கமாப் போச்சு எனக்கு. அதாலதான் பேர் இல்லாமலே இந்தக் கடிதம், தெரிஞ்ச ஆக்கள் கண்டா உங்களிட்டச் சேர்த்து விடுவாங்க எண்டு ஒரு நம்பிக்கை.

2004 மார்கழி 26 பத்தி நான் நிறைய எழுதப் போறதில்ல. ஞாயிற்றுக்கிழமை, போயா எண்ட பௌர்ணமி லீவு, முதல் நாள் நத்தார். காலமை ஏழு மணி ஆக ரெண்டு நிமிசம் இருக்கேக்க சுமாத்ராவுக்குப் பக்கத்தில கடலுக்கடியில பூமி குலுங்கினது, அளவு 9.1 எண்டு பிறகுதான் கேள்விப்பட்டம், எங்களுக்கு ஒரு கோப்பை கூட ஆடல்ல. பால் காய்ச்சி, பாண் வெட்டி, பிள்ளைகளக் குளிக்க வாக்கிற நேரம் அது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கடல் வீட்டுக்குள்ள வந்திட்டுது. சுனாமி எண்ட சொல்லே எங்களுக்குத் தெரியா, கடல் வருது கடல் வருது எண்டுதான் ஆக்கள் கத்திக் கொண்டு ஓடினது. எங்கட வீட்டில ரெண்டு பேர் போயிட்டாங்க. அத எழுத எனக்குக் கை வரல்ல.

அப்ப நான் ஏழு மாசம். பள்ளிக்கூடக் கட்டடத்தில ஒரு வகுப்புக்குள்ள பதினோரு குடும்பம். முதல் கிழமை லொறி லொறியா சாமான் வந்தது, நல்ல மனசோட அனுப்பினதுதான், இல்லையெண்டு சொல்லல்ல, ஆனா அதுக்குள்ள பனி நாட்டில போடுற தடிச்ச கோட்டும் குதி உயர்ந்த சப்பாத்தும் இருந்தத நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும். நிலாவெளி வெயிலுக்கு கம்பளிக் கோட்டு! என்ட மாமா ஒருத்தர் அத மடிச்சுத் தலகாணியா வச்சிருந்தவர். சில லொறிக்காரர் சாமானக் குடுக்க முதல் எங்கள வரிசையா நிப்பாட்டிப் படம் எடுப்பாங்க, படம் சரியா வரல்ல எண்டா திரும்பவும் நிக்கச் சொல்லுவாங்க.

நீங்க வந்தது தை பிறந்து கொஞ்ச நாளில. நீங்களும் ஒரு லொறியிலதான் வந்தீங்க, அதால எங்கட ஆக்கள் உங்களையும் அந்தக் கணக்கில போட்டு, பிள்ளைகளே என்ன கொண்டு வந்தீங்க எண்டு கேட்டாங்க. மண்வெட்டி எண்டு சொன்னீங்க. ஒருத்தருக்கும் பிடிக்கல்ல. என்ட பெரியம்மா நேராவே பேசினா, சோத்துக்கு வழியில்ல, இவங்க மண்வெட்டி கொண்டு வந்திருக்கிறாங்க எண்டு. மன்னிச்சுக் கொள்ளுங்க, அந்த மனுசி இப்ப இல்ல, அவக்காக நான் கேக்கிறன்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பாத்தா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நீங்க கக்கூஸுக்குக் குழி வெட்டிக் கொண்டு நிக்கிறீங்க. மழை வேற. வாடைக்காத்து மழை, உங்களுக்குத் தெரியும்தானே, குழிக்குள்ள தண்ணி ஊற நீங்க அத வாளியால அள்ளி அள்ளி வெளியில ஊத்த, கண்ணாடித் தம்பி கண்ணாடியக் கழட்டிச் சேட்டுப் பைக்குள்ள வச்சிட்டுக் குருடன் மாதிரித் தடவித் தடவி வெட்டினது எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. பொம்பிளையளுக்கு வேற பக்கமா, தகரம் அடிச்சு, உள்ளுக்குக் கொளுக்கி போட்டு. அந்தக் கொளுக்கி எவ்வளவு பெரிய விசயம் எண்டு ஆம்பிளையளுக்கு விளங்காது. ரெண்டு கிழமையா நாங்க இருட்டும் மட்டும் அடக்கிக் கொண்டு இருந்தனாங்க. அது மாதிரித்தான் பேட் பக்கெட், ஊசித் தங்கச்சி அத நியூஸ் பேப்பர்ல சுத்தி, பிஸ்கட் குடுக்கிற மாதிரி ஒவ்வொருத்தரின்ட கையிலயும் வச்சிட்டுப் போனா. லொறி லொறியா வந்த சாமானுக்குள்ள அது மட்டும் வரல்ல பாருங்க.

இனிக் கிணத்துக் கதை. இது கட்டாயம் எழுதோணும்.

கடல் போட்ட பிறகு கிணறெல்லாம் கறுப்புத் தண்ணி, வாயில வைக்கேலாத உப்பு. பவுசர் வந்தாத்தான் குடிக்கத் தண்ணி. நீங்க பம்ப் ஒண்டு வாடகைக்கு எடுத்துக் கொண்டு வந்து கோயிலடிக் கிணத்த இறைச்சீங்க, நாங்களும் சந்தோசப்பட்டு பிளேன்டீ ஊத்தித் தந்தம். இறைக்க இறைக்க உப்புக் குறையல்ல, கூடிக் கொண்டு போகுது, மூண்டாவது நாள் கிணத்துச் சுவரும் ஒரு பக்கம் பொறிஞ்சு விழுந்திட்டுது. ஊர் ஆக்கள் ஏசின ஏச்சு உங்களுக்கு மறந்திருக்காது. வேற ஆக்கள் எண்டா அண்டைக்கே லொறி ஏறியிருப்பாங்க. கண்ணாடித் தம்பி டவுனுக்குப் போயிட்டு ரெண்டு நாளால திரும்பி வந்து, எல்லாரையும் கோயிலடிக்குக் கூப்பிட்டு, நாங்க பிழை விட்டிட்டம், எங்களுக்கு இது தெரியாமப் போச்சு எண்டு சொன்னார். அப்பிடி எங்களிட்ட வந்து பிழை எண்டு சொன்ன வேற ஆக்கள நான் அந்த வருசம் முழுக்கக் காணல்ல.

பிறகு ஒரு கிளாஸில தண்ணி எடுத்து அதுக்கு மேல தேங்காயெண்ணெய் விட்டுக் காட்டினார். எங்கட மணலுக்குள்ள மழைத்தண்ணி இந்த எண்ணெய் மாதிரி மேல நிக்குது, உப்புத்தண்ணி பாரம் கூடினது, கீழ நிக்குது, கடல் வந்து ரெண்டையும் கலக்கிட்டுது, இப்ப நாம மேல இருக்கிறத இழுத்தா கீழ இருக்கிற உப்புத்தான் ஏறி வரும், சுத்திவரக் கடல் பக்கத்தில எண்டபடியா இன்னும் கெதியா வரும். அதால சேத்தையும் குப்பையையும் மட்டும் மெதுவா அள்ளிட்டுக் கிணத்த விடுங்க, மழை பெய்யப் பெய்ய அதுவாக் கழுவுப்படும் எண்டார். கன பேர் நம்பல்ல. சொன்னது சரிதான் தம்பி. ரெண்டு மாரி போச்சு, ஆனா தண்ணி திரும்பிட்டுது. இப்ப அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் கோயில்ல பொங்குறது.

வயித்தோட்டத்துக்கும் உங்கள விட்டா எங்களுக்கு ஆர். தண்ணி டேங்குக்கு குளோரின் போட்டிட்டு அரை மணித்தியாலம் ஒருத்தரையும் கிட்ட விடாமக் காவல் நிண்டீங்க. பிள்ளைகள் மணக்குது மணக்குது எண்டு முகத்தச் சுழிக்க, மணக்காட்டித்தான் பயம் எண்டு சொல்லுவீங்க. கொதிச்சாறின தண்ணி ஒரு லீட்டருக்கு ஒரு ஜீவனி பக்கெட், கண்ணளவு வேண்டாம், இந்தப் போத்தலால அள, ஒரு நாள் போனா ஊத்து, சத்தி எடுத்தாலும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக் குடு. எனக்கு இது இப்ப மந்திரம் மாதிரி. இலங்கை முழுக்க முப்பதினாயிரத்துக்கு மேல சனம் கடலோட போயும் கேம்புகளுக்குள்ள கொலரா மாதிரிப் பெரிய நோய் ஒண்டும் பரவல்ல எண்டு பிறகு வாசிச்சன். பீ.எச்.ஐ எண்ட சுகாதாரப் பரிசோதகர்மாரும் மிட்வைஃப்மாரும் நிண்டு பாடுபட்டவங்க, அவங்களுக்கும் நன்றி, ஆனா எங்கட டேங்குக்குப் பக்கத்தில நிண்டது நீங்க.

இன்னொண்டு. வெளிநாட்டு மருந்துப் பெட்டி வந்து குவிஞ்சு கிடந்தது, என்ன பாஷை எண்டே தெரியாத லேபிள், சிலது திகதி முடிஞ்சது. சனம் அதப் பெனடோல் மாதிரிப் பிரிச்செடுக்கத் தொடங்கிட்டுது. மெடிசின் படிக்கிற நீங்க நாலு பேர் ராவு ராவா டோர்ச் அடிச்சு ஒவ்வொண்டாப் பிரிச்சு, தெரிஞ்சது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம் எண்டு கட்டி வச்சு, பெரிய டொக்டர் வரும் மட்டும் ஒரு குளிசையும் கை மாற விடல்ல. படம் எடுக்க ஒண்டுமில்லாத வேலை அது.

கிண்ணியாவில இருந்து வந்த தம்பிமாருக்கு நான் தனியாச் சொல்லோணும். அப்ப பாலம் இல்ல, 2009லதானே பாலம் திறந்தது, பாதை எண்டு சொல்லுற மிதவைப் படகில ஏறிக் கடந்து வரோணும். உங்கட ஊரும் அழிஞ்சு, ஆஸ்பத்திரியும் உடைஞ்சு போய்க் கிடந்த நேரம். உங்கட வீடு எப்பிடி எண்டு நான் ஒரு நாள் கேக்க, ஒரு தம்பி, வீடு இல்லக்கா, அதான் இங்க வந்த எண்டார். எனக்கு அதுக்குப் பிறகு கதை வரல்ல.

பிறகு அந்த மார்ச் 28 ராவு. பத்து மணி தாண்டி, திரும்பவும் சுமாத்ராவில பூமி நடுங்கிட்டுதாம் எண்டு ரேடியோவில சொன்னதும் கேம்ப் முழுக்க எழும்பி ஓடுது. என்ட கையில ஒரு மாசப் பிள்ளை. நீங்க படுத்திருந்தது ரோட்டுக்கு அங்கால, ஓட வேண்டிய பக்கம் உங்களுக்குத்தான் கிட்ட. ஆனா நீங்க கடல் பக்கமா ஓடி வந்தீங்க. நடக்கேலாத கிழவன் கிழவியள முதுகில போட்டுக் கொண்டு, கண்டிப் பிள்ளை அரைகுறைத் தமிழில அக்கா வாங்க, அக்கா வாங்க எண்டு என்ட கையப் பிடிச்சு இழுத்துக் கொண்டு. அண்டைக்குக் கடல் வரல்ல. விடிய மட்டும் காட்டுக்கரையில குந்தியிருந்து திரும்பி வந்தம்.

அந்தக் கண்டிப் பிள்ளை இல்லாட்டி என்ட மகனும் இல்ல. மாசியில எனக்கு நோவு தொடங்கினது நடுச்சாமம், ஊசித் தங்கச்சி பிரஷர் பாத்திட்டு, அக்கா இது இங்க சரிவராது, பெரியாஸ்பத்திரிக்குப் போவம் எண்டு சொல்லி ஓட்டோ பிடிச்சு வர, வழியில சென்ட்ரி எண்ட சோதனைச் சாவடியிலயெல்லாம் கண்டிப் பிள்ளைதான் இறங்கிச் சிங்களத்தில கதைச்சு விட்டது. ஊசித் தங்கச்சி என்னச் சாய்ச்சுப் பிடிச்சுக் கொண்டு வழி நெடுக அவட ஏஎல் சோதினைக் கதை சொன்னா. நான் அவவ ஏசிக் கொண்டே வந்தனாம். எனக்கு நினைவில்ல, ஏசியிருப்பன்.

எங்கட சித்தப்பா ஒராள் மாசக்கணக்கா ஆரோடயும் கதைக்கல்ல. ஒரு பெரிய நிறுவனத்து ஆக்கள் ஃபோர்ம் கொண்டு வந்து, நித்திரை வருதா, பயமா இருக்கா, ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க எண்டு கேட்டாங்க. அவர் எழும்பிப் போயிட்டார். உங்கள்ல ஒரு மெலிஞ்ச பொடியன் அவருக்குப் பக்கத்தில போய் இருந்து கிழிஞ்ச வலையப் பொத்தத் தொடங்கினான், பிழை பிழையா. ரெண்டாம் நாள் சித்தப்பா ஊசியப் பறிச்செடுத்து, இப்பிடியாடா கண் போடுறது எண்டு கேட்டார். அதுதான் அவர் பேசின முதல் கதை.

நீங்க எப்ப வெளிக்கிட்டுப் போனீங்க எண்டது கூட எனக்குச் சரியா நினைவில்ல, சோதினை வருது எண்டு ஒவ்வொருத்தராப் போனீங்க. போகேக்க உங்களுக்குத் தர எங்களிட்ட ஒண்டும் இருக்கல்ல. மீன் தந்திருப்பம், ஆனா அந்த நேரம் ஊரில ஒருத்தரும் மீன் தொடல்ல, என்னத்தத் திண்ட மீனோ எண்டு. இப்ப வாங்க. வீடு ரோட்டுக்கு அங்கால, மேட்டில கட்டியிருக்கிறம். சூடைமீன் பொரிச்சு, இறால் குழம்பு வச்சுத் தாறன், சித்தப்பாவும் இருக்கிறார், காது மட்டும் கேக்காது, வலை பொத்தின பொடியன் வந்தானா எண்டு இன்னும் கேப்பார்.

கண்ணாடித் தம்பி, உங்கட மண்வெட்டி ஒண்டு எங்களிட்ட நிண்டிட்டுது. பிடி ரெண்டு தரம் மாத்தினது, தகடு அதேதான். மகன் அதத்தான் மூதூருக்குக் கொண்டு போனவன்.