பி.ஏ. வரலாற்றுக்காரனுக்கு எதற்கு டேட்டாபேஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் போடும் வழிகாட்டிப் பக்கத்தை இந்த வருடமும் ஒரு வரி விடாமல் படித்தேன். பொறியியல், மருத்துவம், சி.ஏ., கப்பல் படிப்பு வரைக்கும் எல்லாம் இருந்தது. கலை அறிவியல் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியில் நான்கே வரி, அதிலும் ஒரு வரி "கூடவே ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து வைத்துக்கொள்வது நல்லது" என்று. அந்த 'ஏதாவது' பற்றித்தான் இந்தக் கடிதம்: அதற்குப் பதிலாக, ஒரு இடத்தில் தகவல் எப்படி ஓடுகிறது என்று படிக்கும் ஒரு துணைப்பாடம் கலைக் கல்லூரியிலும் வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் 2003-ல் பி.ஏ. வரலாறு முடித்தவன். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன், பதினெட்டு வருடம் ஆகிறது. சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. டாக்டர் காலை 10 மணிக்கு 'டிஸ்சார்ஜ்' என்று எழுதினால் நோயாளி படியிறங்க மாலை 4 மணி ஆகும், அதுவரை வாசலில் ஆட்டோக்காரர் திட்டுவார், உள்ளே சொந்தக்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள். சாப்ட்வேர் ஸ்லோ என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், இன்ஜினியர். லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, "உங்க ப்ராசஸ் என்னன்னு சொல்லுங்க சார், அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திடலாம்" என்றான். நான் பில்லிங்கில் இருந்தவரைப் பார்த்தேன், அவர் ஃபார்மசியைப் பார்த்தார், ஃபார்மசிக்காரர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அவரவர் மேஜையில் நடப்பது அவரவருக்குத் தெரியும், முழுசாகச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் நானும் ஒரு வார்டு சிஸ்டரும் ஒருநாள் முழுக்க ஒரே ஒரு கேஸ் ஷீட்டின் பின்னாலேயே நடந்தோம். அது எந்த மேஜையில் எத்தனை நிமிடம் கிடக்கிறது, யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே போனோம். விஷயம் பிடிபட்டது. வார்டில் மிச்சமான ஊசி, மருந்தை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்புவார்கள், அங்கே அதை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றுவதோ ஷிப்ட் மாறுகிற நேரத்தில், மதியம் 2 மணிக்கு மேல், மொத்தமாக. அது ஏறாமல் பில் முடியாது. சாப்ட்வேர் பாவம், சும்மாதான் உட்கார்ந்திருந்தது. நோட்டை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னோம், சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிப் பேராவது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறார்கள்.

நாங்கள் அன்றைக்குச் செய்த வேலைக்கு ஒரு படிப்பே இருக்கிறது, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று பெயர் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. கணினி அறிவியல் வேறு, இது வேறு. ஒரு தகவல் எங்கே பிறக்கிறது, யார் பதிகிறார்கள், எங்கெல்லாம் போகிறது, அதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கிறார்கள், நடுவில் எங்கே கெட்டுப்போகிறது, இதைப் படிப்பதுதான் இது. கோடிங் கொஞ்சம் வரும், அதுவே எல்லாம் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் வணிகத் துறைதான் பெரும்பாலும் இதை நடத்துகிறது, ஆனால் பல இடங்களில் சமூகவியல், உயிரியல், இசை படிக்கிறவர்கள்கூட இதைத் துணைப்பாடமாக, மைனர் என்பார்கள், ஐந்தாறு தாளாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலும் பொறியியல் மாணவர்களுக்கு வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி கூடுதலாக 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) படித்தால் வேறொரு துறையில் மைனர் பட்டம் வாங்கலாம், பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ், பொது நிர்வாகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இது கிடைக்கிறது. தாவரவியல் படிக்கிற என் மகளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பகுதி நான்கில் என்.எம்.இ. என்று, அதாவது தன் துறைக்கு வெளியே ஒரு விருப்பப்பாடம், முதல் வருடம் இரண்டு தாள், தாளுக்கு 2 கிரெடிட். அதையும் அவளாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வகுப்பு எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று துறைத்தலைவர்கள் ஒர்க் லோடு கணக்குப் பார்த்து பண்டமாற்று மாதிரி முடித்துவிடுகிறார்கள். அவள் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் விழுந்தது, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் முதல் தலைமுறைக் கணினியில் வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறையில் டிரான்சிஸ்டர். லேப் என்று போனது ஒரே ஒரு நாள், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், பிறந்தநாள் அழைப்பிதழ் டைப் அடித்து பார்டர் போட்டார்கள். மார்க் 92.

அவளிடமே ஒரு தகவல் அமைப்பு இருந்தது, பாடம் நடத்தியவர் கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருக்கும் ரபினாட் ஹெர்பேரியத்தை, உலர்த்திய செடிகளின் காப்பகத்தை, பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளும் செடிகளை அழுத்தி, காயவைத்து, அட்டையில் ஒட்டி வைக்கிறாள். ஒவ்வொரு அட்டையிலும் கீழே ஒரு லேபிள்: சேகரித்தவர், எண், தேதி, இடம், தாவரவியல் பெயர், ஊர்ப்பெயர். இதை எக்செல்லில் ஏற்றும்போது ஒருநாள் ராத்திரி வந்து கேட்டாள், "ஒரே செடிக்கு மணப்பாறைல ஒரு பேர், முசிறில ஒரு பேர் சொல்றாங்கப்பா, ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டையும் கமா போட்டு எழுதவா?" கமா போட்டால் அப்புறம் சரியாகத் தேட முடியாது, ஊர்ப்பெயருக்குத் தனி அட்டவணை போட்டு, செடியின் எண்ணை வைத்து இரண்டையும் கோர்த்துவிடு என்றேன். பத்து நிமிட வேலை. டேட்டாபேஸ், அதாவது தகவலை இப்படி அட்டவணைகளாக அடுக்கித் தேடும் அமைப்பு, அந்த வகுப்பில் முதல் மாதம் சொல்லித்தருவது இதுதான். வெற்றிடக் குழாய்க்குப் பதில் இதை நடத்தியிருந்தால் வகுப்பே விழித்திருக்கும்.

வரலாறு படித்தவனுக்கு இது இன்னும் எளிது என்பேன். எங்கள் ரெக்கார்டு ரூமில் தினமும் நடக்கும் கூத்து இது: செல்வி, எம். செல்வி, செல்வி முருகேசன், மூன்று பேருக்கும் மூன்று எண், மூன்று ஃபைல், ஆள் ஒருத்தர்தான். லட்சுமியை லக்ஷ்மி என்றும் லெட்சுமி என்றும் அடிப்பார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் கட்டியவருக்கு நம் இனிஷியலைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் பட்டதாரிக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நான் மட்டும் கல்லூரியிலேயே இதைப் படித்துவிட்டேன், கல்வெட்டு வகுப்பில். சோழர் கல்வெட்டில் 'ராஜகேசரி' என்று மட்டும் இருந்தால் எந்த ராஜா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ராஜகேசரி, பரகேசரி இரண்டும் ஒருவர் விட்டு ஒருவருக்கு மாறிமாறி வரும் பட்டம். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்பாட்டு) தொடங்கினால் அது முதலாம் ராஜராஜன், சந்தேகமில்லை. அருண்மொழி, மும்முடிச்சோழன், சிவபாதசேகரன் எல்லாம் அதே ஆள்தான். எது ஒருவரைத் தனியாக அடையாளம் காட்டும், எது காட்டாது, டேட்டாபேஸ்காரர்கள் 'பிரைமரி கீ' என்று சொல்வது இதைத்தான். எங்கள் பேராசிரியருக்கு அந்த வார்த்தை தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், வணிகம் படிக்காத பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போது வணிகத் துறையின் பாடத்தை அப்படியே தூக்கிவந்து கொட்டக் கூடாது. சோப்பு கம்பெனியின் சரக்குக் கணக்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம், கணக்குப்பதிவியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம், பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். ஐந்து தாள் போதும். தரவை அட்டவணையாகப் பிரித்து வைப்பது, கூடவே அதில் தேடி எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழி. ஒரு அலுவலகத்தின் வேலை ஓட்டத்தைப் போய்ப் பார்த்து, கேட்டு, படமாக வரைவது (இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், காலண்டர் தாள் போதும் என்று மேலே சொன்னேன்). வந்த தரவைச் சுத்தம் செய்து படிப்பது. அடுத்தவர் தகவலைக் கையாள்வதில் உள்ள பொறுப்பு, 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உட்பட. நோயாளியின் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது தப்பு என்று சொல்லியும் கேட்காத ஆட்களோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஐந்தாவது, அவரவர் பாடத்திலேயே ஒரு புராஜெக்ட். தமிழ் படிக்கிறவர் ஏட்டுப் பிரதிகளின் பாடபேதத்தை (பிரதிக்குப் பிரதி மாறும் வாசகத்தை) பதியட்டும், சமூகப்பணி படிக்கிறவர் ஒரு ரேஷன் கடையின் வரிசையை ஆராயட்டும்.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சிலிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஒரு செமஸ்டருக்கு ஒரு திறன் என்று வருவது வேறு, முதல் வருடம் படித்ததன் மேல் இரண்டாம் வருடம் கட்டி, மூன்றாம் வருடம் தன் பாடத்தில் அதைப் போட்டுப் பார்ப்பது வேறு. ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளங்களில் இலவசமாகவே படிக்கலாம் என்பவர்களுக்கு, ஷிப்ட் முறைக் கல்லூரியில் படித்துவிட்டு மதியம் துணிக்கடையில் நிற்கிற பிள்ளை எந்த நேரத்தில் படிக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். கல்லூரி நேரத்துக்குள், கிரெடிட்டோடு, மார்க் ஷீட்டில் பெயரோடு வர வேண்டும். மைனர் என்றதும் புதிய கல்விக் கொள்கை என்று ஒரு சண்டை கிளம்பும், அதற்குள் நான் போகவில்லை. நம் கலைக் கல்லூரிகளில் அல்லைடு பாடம், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம், என்பது நான் படித்த காலத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறது. அந்த இடத்திலேயே இதை ஒரு தேர்வாக வைக்கலாமே.

எங்கும் ஒரு அரசுக் கணினித் தளம் இருக்கிறது: ஆசிரியர் வேலைக்குப் போனால் மாணவர் விவரத்துக்கு எமிஸ், அரசு அலுவலகம் போனால் சம்பளப் பட்டியலுக்கே களஞ்சியம், கிராமச் செவிலியருக்கு கர்ப்பிணிகள் பதிவுக்குப் பிக்மி. பல இடங்களில் எங்கள் கலைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். ஒரே விவரத்தை ஏன் மூன்று இடத்தில் கேட்கிறார்கள் என்று புலம்புவார்கள், அதை எப்படி மாற்றச் சொல்வது என்று எழுதத் தெரியாது. அவர்களைக் கேட்டு அமைத்திருந்தால் பாதிப் புலம்பல் இருக்காது, கேட்டால் பதில் சொல்லவும் அவர்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

என் மகள் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இனி இது உதவாது. பாடத்திட்டக் குழுவில் இருக்கிற பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் எங்கள் ரெக்கார்டு ரூமுக்கு ஒருநாள் வரட்டும், மூன்று செல்விகளின் கதையை நேரில் விளக்குகிறேன், டீயும் வாங்கித் தருகிறேன். காலையில் மட்டும் வேண்டாம், ஓ.பி. கூட்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவெறும்பூர், திருச்சி.