செயலரின் ஆண்டறிக்கை: தேரைகளுக்குக் காது கொடுத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டு ஒரே ஓர் உயிரினத்தை எடுத்துக்கொண்டோம். விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்து உட்காருமே, அந்த ஆசியத் தேரைதான். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் தேரைக்கே வந்துவிடுகிறேன்.

சொரசொரப்பான தோல், குட்டையான பின்னங்கால் என்று படித்துவிட்டுப் போனது போதவில்லை. கிட்டே போய்த் தலையைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மூக்கருகே தொடங்கி, கண்ணுக்கு மேலே வளைந்து, மை தீட்டியது போலக் கறுப்பு வரம்பு ஓடுகிறது. முதுகுக் கொப்புளங்களின் நுனியிலும் அதே கறுப்பு. 1799இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஷ்னைடர் வைத்த 'மெலனோஸ்டிக்டஸ்' என்ற அறிவியல் பெயருக்குக் கரும்புள்ளி கொண்டது என்றே பொருள்.

கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் மொச்சைக் கொட்டை போலப் புடைத்திருப்பவை நச்சுச் சுரப்பிகள். நாய் கவ்வினால் நுரை தள்ளுவது அந்தப் பாலால்தான். ஆனால் தொட்டால் மரு வரும் என்பது உண்மையல்ல. மரு வருவது மனிதரைத் தொற்றும் வைரஸால். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், குரல். மழை ஓய்ந்த ஓர் இரவில், ஆழமில்லாத தண்ணீரில் முன்கால் ஊன்றி நிமிர்ந்திருந்த ஓர் ஆணைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தோம். வாயைத் திறக்கவே இல்லை. தொண்டைப் பை உப்பி நிற்க, 'குர்ர்ர்ர்' என்று நெடுநேரம் அதிர்ந்தது. சுற்றிலும் தண்ணீரில் மெல்லிய வளையங்கள். ஒரே காற்றை நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் மாற்றி மாற்றி அனுப்பித்தான் இப்படிக் கூப்பிடுகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்போம். எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குரல் என்பது சரிதான். பெண் தேடி வருவதும் இதைக் கேட்டுத்தான்.

இன்னொரு ஒலியும் உண்டு. அவசரத்தில் ஆண் எதையும் கட்டிப்பிடிக்கும். சிக்கியதும் ஆணாக இருந்தால், அது விலா நடுங்க 'கிறு, கிறு' என்று விட்டுவிட்டுக் கத்தும். மேலே இருப்பது பிடியைத் தளர்த்திவிடும். முதல் சில இரவுகளில் இதையும் இணைசேர அழைக்கும் குரலாகவே பதிவேட்டில் எழுதிவிட்டேன். அந்தக் குறிப்புகளை அடித்துவிட்டேன். தவறு என்னுடையது, பொறுத்தருள வேண்டும்.

பெண்தான் உருவில் பெரியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தொண்டை மஞ்சளேறும். முன்கால் உள்விரல்களில் கறுப்புத் தடிப்பு தோன்றும். வழுக்கும் பெண்ணின் முதுகைப் பற்றிக்கொள்ள அதுதான் உதவி. முட்டைகள் ஜவ்வுச் சரங்களாக நீர்ச்செடிகளில் சுற்றிக் கிடக்கும். தலைப்பிரட்டைகள் கன்னங்கரேலென்று இருக்கும்.

ஒரு வருத்தம். நாங்கள் டார்ச் அடித்ததும் குட்டை முழுக்க அடங்கிப்போன இரவுகள் பல. எனவே வரும் பருவத்தில் கரையை எட்டியதும் விளக்கை அணைத்துவிட்டுக் காதால் மட்டுமே பதிவு செய்வது, குரலிடும் தேரையைக் கையில் எடுப்பதில்லை என்ற இரண்டையும் தீர்மானமாகப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலர்