செங்கலடி–பதுளை வீதியும் மண்சரிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமதரையில் இருக்கும் மட்டக்களப்புக்காரருக்கு மண்சரிவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். சரி, செங்கலடியிலிருந்து போகும் ஏ5 வீதி பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறதே! அதில் மண் விழுந்தால் மரக்கறி லொறி நின்றுவிடும். இங்கே சந்தையில் கரட், லீக்ஸ் விலை ஏறும்.

மழையை மட்டும் திட்டிப் பயனில்லை. வீதியை அகலமாக்கச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டினால் மேல்மண்ணுக்குத் தாங்கல் ஏது? மதகும் வடிகானும் அடைபட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கிக் கனத்தைக் கூட்டும், பிடிமானத்தையும் குலைக்கும். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளரின் லயன் வீடுகளே புதைந்தன.

கார்த்திகை மழைக்கு முன் அந்த வடிகான்களைத் துப்புரவாக்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை எங்கள் பஸ் நிலையத்திலும் தமிழில் ஒட்டினால் நல்லது.

வாசகர்,
செங்கலடி