அமைதியாகத்தான் பேசினோம், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் முதியோர் இல்லங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், “கவனிப்பில் குறை இருப்பதாகத் தோன்றினால் நிர்வாகத்திடம் அமைதியாகப் பேசினாலே போதும்” என்று ஒரு வரி இருந்தது. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னால் அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. கட்டுரையாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், வரவேற்பறையில் காபி அருந்திவிட்டுத் திரும்பியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையான என் அத்தையை, மாதக் கட்டணம் வாங்கும் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். (குடும்பத்தார் கைவிட்டுவிட்டதாக உடனே தலைப்பு யோசிக்க வேண்டாம், உங்கள் இதழுக்கு அந்தப் பழக்கம் உண்டு.) ஒரு பிற்பகலில் சொல்லாமல் போனபோது, அறைவாசலிலேயே வாடை வந்தது. போர்வையை விலக்கினால், வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்து, ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றியிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய புண் அது. புரட்டியதற்கான குறிப்பேட்டைக் கேட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கே, அன்றிரவு பத்து மணி வரைக்குமான கட்டங்களில் கையெழுத்து விழுந்திருந்தது! அமைதியாகத்தான் பேசினேன். “வயதானால் இப்படித்தான் அம்மா, நீங்களே நர்ஸ், உங்களுக்குத் தெரியாததா?” என்றார் பொறுப்பாளர். மறுபடி பேசியபோது பார்வை நேரத்தைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் பேசியபோது, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே படுத்திருப்பவர் நம் ஆள். நாம் வெளியே வந்த பிறகு அவரிடம் யார் எப்படி நடந்துகொள்வார்களோ என்ற அச்சத்திலேயே பாதிக் குடும்பங்கள் வாய் திறப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

ஆயாக்களை நான் குறை சொல்லவில்லை. இரவில் ஒரு தளம் முழுவதற்கும் ஒரே ஆளை நிறுத்திவிட்டு, எல்லோரையும் புரட்டிப் போடு என்றால் அவர் கையெழுத்தைத்தான் போடுவார். இரவுப் பணியில் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்ற கேள்வியை, ஆண்டுதோறும் அக்டோபர் 1, உலக முதியோர் தினம் வந்தால் சுருக்கம் விழுந்த கைகளின் படத்தோடு நீங்கள் வெளியிடும் சிறப்புப் பக்கங்களில் ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்திலும், 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரிலும் இருந்த இல்லங்கள் அங்கிருந்தோரை நடத்திய விதம் பற்றிய புகார்கள் செய்தியானபோது எல்லோரையும் போல நீங்களும் அதிர்ச்சி அடைந்தீர்கள். முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் சட்டமாக்க, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-க்கு 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, 2024-இல் அந்த மக்களவை கலைந்ததோடு காலாவதியானபோது உங்கள் இதழில் ஒரு பத்தி வந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாதவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கைவிடுபவருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 491-ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-ஆம் பிரிவில் சிறைக்காலம் அப்படியே இருக்க, அபராதம் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. மூத்த குடிமக்களைக் கைவிடுவோருக்கு மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்லும் அபராத உச்சவரம்பும் அதே 5,000தான். அத்தைக்காக நாங்கள் கட்டிய ஒரு மாதக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. நிர்வாகம் நடுங்கித்தான் போயிருக்கும்!

ஆகவே, அமைதியாகப் பேசுவதோடு நிற்காமல், புகார் எழுத்தில், இல்லத்துக்கு வெளியே போக வேண்டும். நம் மாநிறத் தோலில் புண்ணின் தொடக்கச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. குதிகாலையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்தால் சூடோ கெட்டிப்போ தெரியும். தேதியோடு படம் எடுத்து, அரசு மருத்துவரிடம் காட்டிக் குறிப்பு வாங்கி, எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, மாவட்ட சமூகநல அலுவலரிடமோ, திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமோ மனு கொடுத்து, ரசீது பெற வேண்டும். நாங்கள் அப்படி மனு கொடுத்த பிறகுதான் அத்தைக்குக் காற்று மெத்தை வந்தது. பொறுப்பாளரின் குரலிலும் திடீரென்று மரியாதை வந்தது.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டு, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிடுங்கள். அதே கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் வெளியான இல்ல விளம்பரத்துக்குக் கொடுத்த இடத்தில் கால் பங்கு இருந்தாலே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி.