ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி லாவாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எரிமலைக் கட்டுரையைப் படித்தேன். செயற்கைக்கோளும் டிரோனும் வந்துவிட்ட காலத்தில் விஞ்ஞானிகள் லாவாவின் பக்கத்தில் போய் நிற்பது வெறும் சாகசம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கூடவே வந்த படங்கள் அப்படித்தான் நினைக்கவைக்கும்: வெள்ளி நிற உடை, பின்னால் நெருப்பாறு. இத்தகைய படங்களில் பெரும்பாலும் அவர்களின் காலடியில் ஒரு வாளியும் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் போவதற்கான காரணமே அந்த வாளிதான்.

ஹவாயின் கிலவேயா போன்ற பசால்ட் எரிமலையில் (சிலிக்கா குறைந்த, இளகிய குழம்பு வரும் வகை), மெல்ல ஊர்ந்து வரும் பாஹோய்ஹோய் வகை லாவாவின் நுனியில் சுத்தியலின் கூர்முனையால் ஒரு பிடி அள்ளி, வாளியில் பாதியளவு உள்ள தண்ணீரில் உடனே போட்டுவிடுவார்கள். சில விநாடிகளில் அது கறுத்த கண்ணாடியாக உறைந்துவிடும். வெளியே வந்த அந்தக் கணத்தில் குழம்பு எப்படி இருந்ததோ, அந்த நிலை அப்படியே பூட்டப்பட்டுவிடுகிறது. தானாக ஆறவிட்டால் இது கிடைக்காது. ஆறும்போது ஆலிவின் முதலிய படிகங்கள் முளைத்து, சுற்றியுள்ள திரவத்திலிருந்து மக்னீசியத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியில் கையில் இருப்பது வேறு பொருள்.

இதன் பயன் என்ன? கிலவேயாவின் கண்ணாடிக்கு 1987இல் வகுக்கப்பட்ட ஒரு வெப்பமானி உண்டு. கண்ணாடியில் உள்ள மக்னீசியம் ஆக்சைடின் சதவீதத்தை 20.1ஆல் பெருக்கி 1014ஐக் கூட்டினால், உறையும்போது குழம்பு எத்தனை டிகிரி செல்சியஸில் இருந்தது என்று தெரியும். 7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1155 டிகிரி. வாளியில் போடத் தாமதமாகி, படிகங்கள் அரை சதவீதத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு 1145 என்று காட்டும். எரிமலை குளிர்ந்துவருகிறது என்ற தவறான முடிவுக்கு அந்த 10 டிகிரி போதும். அள்ளிய கட்டி பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். பாறைக் கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. வெளிப்புறம் உறைந்தபின்னும் நடுப்பகுதி கனன்றுகொண்டே படிகமாகும். அதனால் சிறிதாக அள்ள வேண்டும், ஆய்வுக்கு வெளி ஓரத்தை எடுக்க வேண்டும். முந்தைய நாள் மாதிரியின் துணுக்கு சுத்தியலில் ஒட்டியிருந்தால் அதுவும் கலந்துவிடும். மாதிரிப் பையின் மேல் நேரம், இடம், லாவா வெளியேறும் வாயிலிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற மூன்றும் எழுதப்படாத மாதிரியால் பாதிப் பயன்கூட இல்லை.

வாயிலிலிருந்து தள்ளி, மூடிய குகைக் குழாய்க்குள் லாவா ஓடும் இடங்களில் கூரை உடைந்த ஓட்டை வழியாக, எஃகு வடத்தில் கட்டிய சுத்தியல் தலையை வீசி மாதிரி எடுப்பார்கள். லாவா அந்த இரும்பைப் பற்றி இழுக்கும். வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ஓட்டையின் விளிம்பு பெரும்பாலும் கீழே எதுவுமில்லாத மெல்லிய கூரை. மேலே நின்று பார்த்தால் அது தெரியாது. ஏறுவதற்கு முன் பக்கவாட்டிலிருந்து பார்த்து, எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நேரடியாக வெப்பநிலை அளப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். கே வகை வெப்பமின்னிரட்டையை (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை உணரியை) உலோக உறையோடு லாவாவில் செருகினால், குளிர்ந்த உறையைச் சுற்றி லாவா உடனே உறைந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் காட்டும் எண் அந்த ஒட்டின் வெப்பநிலைதான். மேலோட்டுக்கு அடியில் ஆழமாகச் செருகி, எண் ஏறுவது நின்று நிலைக்கும்வரை சில நிமிடங்கள் பிடித்திருக்க வேண்டும். பாதியில் எடுத்தால் அளவு குறைவாகவே இருக்கும். ஒருபோதும் கூடுதலாக இருக்காது. குறைந்த எண்களைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

செயற்கைக்கோளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் வெப்பப் படத்தில் ஒரு படப்புள்ளி என்பது நிலத்தில் 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர். அதற்குள் ஆறிய ஓடு, சிவந்த விரிசல், குளிர்ந்த பழைய நிலம் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். எங்கே சூடு, எவ்வளவு பரப்பு என்று சொல்ல அது அருமையான கருவி. லாவாவின் வெப்பநிலையைச் சொல்லாது, வேதியியலை அறவே சொல்லாது.

வேதியியல் எதற்கு என்பதற்கு 2018ஆம் ஆண்டின் கிலவேயா வெடிப்பே சாட்சி. மே 3 அன்று கீழ்க் கிழக்குப் பிளவு மண்டலத்தில், குடியிருப்புக்கு நடுவே நிலம் பிளந்தது. முதலில் வந்தது நிலத்தடியில் பல ஆண்டுகள் தங்கிக் குளிர்ந்திருந்த பழைய குழம்பு. பிசுபிசுத்து, மெல்ல நகர்ந்தது. அன்றாடம் எடுத்த மாதிரிகள் ஹிலோவில் உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போய் விரைவில் முடிவுகள் வந்தன. மே மாதம் பாதி கடந்ததும் மக்னீசியம் ஏறத் தொடங்கியது: சூடான, இளகிய புதுக் குழம்பு வந்து சேர்ந்துவிட்டது. அதன்பின் ஓட்டம் வேகம் பிடித்தது. 700க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்த அந்த வெடிப்பில், வருவது பழையதா புதியதா என்ற கேள்விக்கு விடை சொன்னவை வாளியில் உறைந்த அந்தக் கண்ணாடித் துண்டுகள். டிரோனால் மேலிருந்து படம் எடுக்கலாம், வாயு அளக்கலாம். ஒரு பிடி அள்ளி நொடியில் குளிர்விப்பது அதற்கு இன்னும் வாடிக்கையான வேலையாகவில்லை.

வாயு விஷயத்தில் கட்டுரையாளர் சொல்வது பெரும்பாலும் சரி. சல்பர் டை ஆக்சைடு புறஊதாக் கதிரை உறிஞ்சுவதால், பல கிலோமீட்டர் தள்ளிச் சாலையில் வண்டி ஓட்டியபடியே புகைக்கற்றையை அளந்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடு ஆழத்திலேயே குழம்பைவிட்டுப் பிரிந்துவிடும், சல்பர் மேலே வந்தபின்தான் பிரியும். ஆகவே இரண்டின் விகிதம் ஏறினால் கீழே புதுக் குழம்பு வருகிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. பப்புவா நியூ கினியின் மனாம் எரிமலையில் டிரோன்கள் இதை நன்றாகவே அளந்தன. ஆளே போகத் தேவையில்லாத இடத்துக்கு ஆளை அனுப்பக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. முழு வாயுப் பகுப்பாய்வு வேண்டுமென்றால் மட்டும், காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து, டைட்டானியக் குழாயைப் புகைவாயிலில் செருகிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. குழாய் சூடேறும் முன் குடுவையைத் திறந்தால் நீராவி குழாயிலேயே நீராகப் படிந்து, அமில வாயுக்கள் அதில் கரைந்து நின்றுவிடும். இணைப்பில் இடுக்கு இருந்தால் வெறும் காற்றைத்தான் பிடித்து வருவோம்.

கட்டுரை வெப்பத்தை மட்டுமே ஆபத்தாகக் காட்டுகிறது. 1130 டிகிரியில் புதிதாகத் திறந்த லாவாப் பரப்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவாட் வீசும். உச்சி வெயில் 1 கிலோவாட். ஆனால் பாலில் ஆடை படிவதுபோல மேலே ஓடு கட்டிப் பரப்பு 600 டிகிரிக்கு இறங்கினால், அது 30 கிலோவாட் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் ஊர்ந்து வரும் நுனியில் முகக்கவசமும் தோல் கையுறையும் பருத்தி அல்லது கம்பளி உடையும் போதும். வெள்ளி உடை லாவா ஏரி விளிம்புக்கானது. நைலான் மட்டும் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். வெப்பம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது, முகம் சுட்டால் கால் தானாகப் பின்வாங்கும். கார்பன் டை ஆக்சைடு அப்படி எதுவும் அறிவிக்காது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளங்களில் தேங்கும், நிறமில்லை, மணமில்லை. அமில வாயுவுக்கான வடிகட்டி முகமூடி அதைத் தடுக்காது. முகமூடி இருக்கிறதே என்று குழிக்குள் இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றமோ, செறிவு ஏறினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது.

இன்னொன்றையும் கட்டுரை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் 43 பேர் இறந்தார்கள். எரிமலை ஆய்வாளர்களான காட்டியா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதியும் ஹாரி கிளிக்கனும் அவர்களில் அடக்கம். 1993 ஜனவரி 14 அன்று கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையின் வாயில் 6 விஞ்ஞானிகளும் 3 சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். இவை எதுவும் லாவா ஓட்டத்தால் நேர்ந்தவை அல்ல. உன்செனில் லாவாக் குவிமாடம் (ஓடாமல் வாயின் மேலேயே குவிந்த கெட்டி லாவா) சரிந்து, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பள்ளத்தாக்கில் பாய்ந்தன. கலேராஸில் வாயிலே வெடித்தது. சிலிக்கா மிகுந்த பிசுபிசுத்த குழம்பு வாயுவை அடைத்துவைக்கும், திடீரென்று விடும். வாளியும் சுத்தியலும் பசால்ட் ஓட்டத்துக்கான கருவிகள். குவிமாடம் வளரும் மலையில் அவற்றோடு பக்கத்தில் போவது என்று ஒன்றே கிடையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டு வகைப் படங்களையும் ஒரே பக்கத்தில் போட்டது எனக்கு மிகவும் வருத்தம்.

கடைசியாக இரண்டு திருத்தங்கள். லாவாவில் விழுந்தால் மூழ்கிப்போவோம் என்ற வரி தவறு. அது தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது, மனித உடல் அதில் அமிழாது, மேலேயே கிடந்து எரியும். அடுத்தது அட்டவணை: தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் லாவாவுக்கு 1100 டிகிரி என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே வருவது கார்பனேட் லாவா, 500 முதல் 600 டிகிரிதான். பகலில் சிவந்து தெரியாது. கறுத்த சேறு போல ஓடும், ஆறியபின் காற்றின் ஈரம் பட்டு வெளுத்துவிடும். நிறத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி அங்கே நிற்பவருக்கு அந்த எண் ஆபத்தானது. அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் வாசகர் ஒருவர்