சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

விபத்தில் அடிபட்டுத் தேறிவருபவர்களுக்கு மறுபரிசோதனை எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கார் விபத்தில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஏழு மாதமாகத் தேறிக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருப்பது உங்களால்தான். இந்த மடல் அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது. எத்தனை ஸ்கேன், எத்தனை எக்ஸ்ரே, எத்தனை முறை ரத்தம்! ஒவ்வொரு சீட்டிலும் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'ஃபாலோ அப்' என்று மட்டும் இருக்கும்.

அந்தக் கட்டம் என் பெரியப்பாவுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். அவரும் அன்று காரில் இருந்தார். வயது 71, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர். நெற்றியில் சின்ன வீக்கம்தான். அன்றைய சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை. சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். ஐந்தாம் வாரம் நடை தள்ளாடியது, பேச்சில் வார்த்தை தட்டியது. வயசாகிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம். கடைசியில் பார்த்தால், மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்திருந்தது. துளையிட்டு வடித்தார்கள், இப்போது நலம். முதியவர்களுக்கும் அந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வாரங்கள் கழித்தும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். 'ரத்தம் மெதுவாகச் சேர்கிறதா என்று பார்க்க' என்று சீட்டில் இருந்திருந்தால் அவர் ஸ்கேன் எடுக்கப் போயிருப்பார்.

என் கதை வேறு. வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. ஐந்தாம் நாளே நரம்புச் சோதனை செய்யும்படி வீட்டார் மன்றாடினார்கள். 'மூன்று வாரம் போகட்டும்' என்று மட்டும் பதில் வந்தது. அலட்சியம் என்று நினைத்துக் கொதித்தோம். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: நரம்பு அறுபட்டிருந்தாலும் காயத்துக்குக் கீழே உள்ள பகுதி முதல் சில நாள் மின்தூண்டலுக்கு வேலை செய்யும், தசையில் ஊசி வைத்துப் பார்க்கும்போது சேதத்தின் அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அவசரப்பட்டால் பொய்யாக நல்ல முடிவு வரலாம். ஆக, நீங்கள் செய்தது சரிதான். சொல்லாமல் விட்டதால்தான் மூன்று வாரம் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

'நார்மல்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. என் தலை ஸ்கேனும் நார்மல்தான். ஆனால் மாதக்கணக்கில் ஒரு பக்கம் படித்தால் தலை கிறுகிறுத்தது, பெயர்கள் மறந்தன. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். நுண்ணிய நரம்பிழைகள் பாதிக்கப்பட்டிருந்தால் அதில் பெரும்பாலும் தெரியாது. இதை நானே படித்துத் தெரிந்துகொள்ளும்வரை நடிக்கிறேனோ என்று வீட்டில் சந்தேகம். (எனக்கே இருந்தது.) 'ரத்தக்கசிவு இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

நேரமில்லை என்பீர்கள். வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் கேட்பது அரை மணி நேர விளக்கமல்ல. இருக்கிற கட்டத்தில் எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரி. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவருக்கும் அது உதவும். 'ஃபாலோ அப்' என்பதை வைத்துக்கொண்டு அவர்தான் எங்கே என்று தேடுவார்?

அடுத்த வாரம் எனக்கு மறுபடி எக்ஸ்ரே. சீட்டில் 'வலது தொடை, இரண்டு கோணம்' என்று இருக்கிறது. எலும்பு எத்தனை பக்கம் கூடியிருக்கிறது, கூடவில்லை என்றால் அடுத்து என்ன என்று இந்த முறை நானே கேட்டுவிடுவேன். எனக்குப் பின்னால் நிற்பவர் கேட்கமாட்டார். அவர் சீட்டிலாவது எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கைத்தடியோடு நடக்கும் ஒரு நோயாளி